நின்றது ஒன்றுதான்

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை எழுதுவது. இங்கே அம்மா நலம், நான் நலம். மாடிக் குழாய் மட்டும் நீ போனதிலிருந்து ஒழுகிக்கொண்டே இருக்கிறது. உன் உடம்பும், கப்பலில் நீ காவல் காக்கிற எந்திரங்களும் நலமாக இருக்கட்டும்.

முதலில், இன்று நான் சொல்லாததைச் சொல்லிவிடுகிறேன். இசை நிறுவனத்தின் ஒலிப்பதிவு அறையில், "அப்போ சம்மதம்தானே?" என்று அதிகாரி கேட்டபோது நான் 'சரி' என்று சொல்லவில்லை. 'முடியாது' என்றும் சொல்லவில்லை. 'என் ஒரு கையெழுத்து விழுந்தால் என் அண்ணன் கப்பலைவிட்டு இறங்கிவிடுவான்' என்று சொல்லவில்லை. 'நீங்கள் பாடச் சொல்லும் வரி பொய்' என்றும் சொல்லவில்லை. வாயைத் திறக்காமல் ஒரு காரியம் செய்துவிட்டு வந்திருக்கிறேன்.

அதைத் தொலைபேசியில் சொல்லலாம்தான். ஆனால் உனக்குத் தொடர்பு கிடைப்பதே துறைமுகத்தில். கிடைத்தாலும் "சுருக்கமா சொல்லு, சுருக்கமா சொல்லு" என்று விரட்டுவாய். மேடையில் மூச்சு விடாமல் சொல்லைக் கொட்டுகிறவளுக்குத் தொலைபேசியில் 'ம்' தவிர ஒன்றும் வராது. எனவே காகிதம். நிதானமாகப் படி. படித்து முடித்த பிறகு திட்டு.

நீ கையெழுத்துப் போட்டு அனுப்பிய நிறுவனத்தின் ஒப்பந்தம் வந்து சேர்ந்தது. மேலே ஒட்டியிருந்த சீட்டும் வந்தது. "நான் போட்டுட்டேன். நீயும் போடு. அடம் பிடிக்காதே." நீ எழுதிய கடிதங்களிலேயே நீளமானது அதுதான் என்று அம்மா சொல்கிறாள்.

அதில் இருந்த இரண்டு நிபந்தனைகளை நீ படித்தாயா என்று தெரியவில்லை. ஒன்று, ஆக்டோபஸ் பாட்டை முதலில் பதிவு செய்தபடியேதான் இனி எங்கும் பாட வேண்டும், ஒரு சொல்கூட மாறக் கூடாது. இரண்டு, நம் கச்சேரிகளில் யாரும் கை தூக்கிப் பாட்டை நிறுத்தக் கூடாது. இவற்றை நீ படிக்காமல் போட்டிருந்தால் அது உன் அவசரம். படித்துவிட்டுப் போட்டிருந்தால், அண்ணா, நான் பேச வேண்டியது நிறைய இருக்கிறது.

கை தூக்கும் விதியைப் போட்டவன் நீ. நூலகத்துக் கீழ்த்தளத்தில் நாம் பாடிய முதல் கச்சேரி நினைவிருக்கிறதா? கேட்க வந்தவர்களைவிட நாற்காலிகள் அதிகம். வந்தவர்களிலும் பாதிப் பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள். சூரிய ஒளி நம்மை வந்து சேர எட்டு நிமிடம் ஆகும் என்று நான் பாடிக்கொண்டிருந்தபோது, முன்வரிசையில் இருந்த ஒருவர் எழுந்து, "எட்டு நிமிஷம் இருபது நொடி" என்றார். நீதான் தாளக் கருவியின் பொத்தானைத் தட்டிப் பாட்டை நிறுத்திவிட்டு ஒலிவாங்கியைப் பிடுங்கினாய். "இனிமே இதான் சட்டம். பாட்டுல தகவல் தப்புன்னா கையத் தூக்குங்க. நிறுத்துவோம், சரிபார்ப்போம், திருத்தி முதல்லேர்ந்து பாடுவோம். எங்களுக்கு வெக்கம் கிடையாது." அறை அதிர்ந்தது. மழைக்கு ஒதுங்கியவர்கள் மழை விட்ட பிறகும் போகவில்லை.

அப்புறம் அந்தச் சட்டத்துக்காகவே ஆட்கள் வந்தார்கள். வீட்டில் புத்தகத்தைப் புரட்டிவிட்டு, நம்மைப் பிடித்தே தீருவது என்று கங்கணம் கட்டிக்கொண்டு வந்தார்கள். பூஜ்யத்தைப் பற்றிய பாட்டு, ரொட்டியை உப்ப வைக்கும் ஈஸ்ட் பாட்டு, மண்புழுப் பாட்டு எல்லாவற்றிலும் அவர்கள் கைரேகை இருக்கிறது. சித்தி ஒருத்திதான் இன்னும் சமாதானமாகவில்லை. "பாட்டுன்னா ஒரு காதல் கீதல் வேணாமா? புழுவப் பத்திப் பாடறவள எவன்டி கட்டுவான்?" என்று போன வாரமும் கேட்டாள். மண்புழு ஒன்றே ஆணாகவும் பெண்ணாகவும் இருக்கும், அதற்கு அந்தக் கவலையே இல்லை என்று சொன்னேன். அன்று முழுவதும் என்னோடு பேசவில்லை. அவள் நம் இசைக்கு வைத்த பெயர் 'ட்யூஷன் பாட்டு'. நிறுவனத்து அதிகாரி வைத்த பெயரைவிட எனக்கு அது பிடித்திருக்கிறது. அவர் இன்று மூச்சுக்கு மூச்சு "நெர்ட்கோர்" என்றார்; படிப்பு விஷயங்களைக் கொட்டும் ராப் பாட்டுக்கு ஆங்கிலத்தில் அப்படிப் பெயராம். "வெளியில இதுக்குப் பெரிய மார்க்கெட்டும்மா. நம்ம மொழியில இன்னும் யாரும் தொடல" என்றார். துணி அலமாரிக்குள் போர்வைகளைத் தொங்கவிட்டு, நான் உள்ளே வியர்க்க வியர்க்கப் பாடி, நீ வெளியே சம்மணம் போட்டுப் பதிவு செய்ததெல்லாம் அவர் கணக்கில் யாரும் தொட்டதாகச் சேராது போலிருக்கிறது.

சரி, ஆக்டோபஸுக்கு வருகிறேன். அதைப் பற்றி நாம் இருவரும் ஒருமுறைகூட முழுதாகப் பேசியதில்லை.

'நீந்தும்போது அதன் இதயம் நின்றுவிடும்' என்று புத்தகத்தில் ஒரு வரி. அதற்கு மூன்று இதயம் என்று நமக்கு முன்பே தெரியும். ஆகவே நாம் மூன்றையும் நிறுத்திவிட்டோம். பாடப்புத்தகத்தையே பாட்டாக்குகிறவர்கள்தான் இப்படித் தப்புச் செய்ய முடியும். ஒரு வரியைக்கூட விடாமல் படித்து, அடுத்த பக்கத்தைப் புரட்டாமல் விடுவோம். நான் எழுதினேன்:

மூணு நெஞ்சு உள்ள, மூச்சு தண்ணிக்குள்ள,
நீந்தப் போனா நிக்கும், மூணுமே இல்ல!

நீ அதற்கு மூன்று முரசு வைத்தாய். 'மூணுமே இல்ல' என்றதும் மூன்றும் அறுந்து, அறையில் ஒன்றுமே இல்லாமல் போகும். அந்த அமைதி! நான் எத்தனையோ பாடியிருக்கிறேன், கேட்டிருக்கிறேன். கேட்பவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் மூச்சைப் பிடித்துக்கொள்வதை அங்கேதான் பார்த்தேன். இணையத்தில் அந்தத் துண்டுதானே பரவியது. முகம் தெரியாத பிள்ளைகளெல்லாம் பல் துலக்கும்போதும் படி ஏறும்போதும் அந்த இடத்தில் சிலையாக நின்று படம் எடுத்துப் போட்டார்கள்.

பிறகு சைக்கிள் கடை மாடியில் நாம் பாடிய அந்தச் சாயங்காலம். கடைசி வரிசையில் தோளில் குழந்தையைத் தூங்கவைத்துக்கொண்டு ஓர் அம்மா. ஒரு கை குழந்தையின் முதுகில், மறு கை மேலே. நீ நிறுத்தினாய். குழந்தை எழுந்துவிடும் என்று அவர் கிசுகிசுத்தார். அதைக் கேட்க அறையே குனிந்தது. "ஒண்ணுதாங்க நிக்கும். உடம்புக்கு ரத்தம் அனுப்புற பெரிய இதயம் மட்டும். செவுளுக்கு அனுப்புற ரெண்டும் ஓடிக்கிட்டேதான் இருக்கும்." அங்கேயே தேடிப் பார்த்தோம். அவர் சொன்னதுதான் சரி. நான் நின்ற இடத்திலேயே வரியைத் திருத்தினேன்: 'நீந்தப் போனா ஒண்ணு நிக்கும், ரெண்டு நிக்கவே இல்ல!'

நான் வரியை மாற்றினேன். நீ அமைதியை மாற்றவில்லை. ரெண்டு நிக்கவே இல்ல என்று நான் கத்த, உன் மூன்று முரசும் சட்டென்று நின்றன. அறை விழுந்து விழுந்து சிரித்தது. நீ சிரிக்கவில்லை. ஒயர்களைச் சுருட்டிக்கொண்டு படி இறங்கும்போது சொன்னாய்: "என் வாழ்க்கையிலேயே நான் பண்ணின ஒரே நல்ல விஷயம் அந்த அமைதி. உனக்கு ஒரு உண்மை கிடைச்சுது. எனக்கு என்ன கிடைச்சுது?" அடுத்து வந்த கப்பலில் ஏறிவிட்டாய். சம்பளத்துக்காக என்று அம்மாவிடம் சொன்னாய். அம்மா நம்பிவிட்டாள், அல்லது நம்பியதாகக் காட்டிக்கொள்கிறாள்.

இன்றைய கதைக்கு வருகிறேன். மூக்குக் கண்ணாடிக் கடையில் அரை நாள் விடுப்புக் கேட்டேன். முதலாளி உடனே கொடுத்தார். "உன் ரசிகன் பூரா கண்ணாடிக்காரன். நீ பாடு, நான் விக்கறேன்" என்பது அவர் கொள்கை. வில்லை தேய்க்கும் எந்திரத்தை அணைத்துவிட்டுக் கிளம்பினேன். அதன் கிர்ர் சத்தம்தானே உன் முதல் தாளம். இன்னும் அதே சுருதிதான், விசாரித்ததாகச் சொல்.

நிறுவனத்தில் அதிகாரி வருவதற்கு முன்பே அவருடைய வாசனைத் தைலம் வந்துவிடுகிறது. கூடவே காகிதங்களைச் சுமந்துகொண்டு ஓர் உதவிப் பெண். அவள் மூக்குக் கண்ணாடி ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. பேசிக்கொண்டிருந்த நேரமெல்லாம் என் விரல் அதை நிமிர்த்தத் துடித்தது. உன் பழைய தாளத்தின்மேல் பல்லவியை மட்டும் புதிதாகப் பாடினால் போதுமாம். அதை முடித்துக்கொண்டு கையெழுத்து, அப்புறம் தேநீர்.

கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஒலிப்பதிவாளர். காதில் உன் முரசுகள். எத்தனை நாளுக்கப்புறம் கேட்கிறேன்! பாடினேன். திருத்திய வரியைத்தான் பாடினேன். திட்டமிட்டதில்லை, வாயில் அதுதான் இருந்தது. "வரி மாறிடுச்சும்மா, திரும்பப் போலாம்" என்றார் ஒலிப்பதிவாளர். திரும்பப் போனோம். திரும்பவும் அதே. இந்த முறை திட்டமிட்டேன். "இன்னும் ஒரு தடவ. 'மூணுமே இல்ல', சரியா?" என்றார். நான் தலையாட்டினேன். 'ரெண்டு நிக்கவே இல்ல' என்று முன்னைவிடச் சத்தமாகப் பாடினேன். கண்ணாடிக்குப் பின்னால் அவர் தோள் குலுங்கியது. வாயைக் கையால் மூடிக்கொண்டிருந்தார்.

அதிகாரி உள்ளே வந்தார். கோபப்படவில்லை, அதையும் சொல்ல வேண்டும். பொறுமையாகத்தான் பேசினார். "பாரும்மா, 'மூணுமே இல்ல'ன்னதும் ஒரு பள்ளம் விழுது. அதுலதான் ஜனங்க விழறாங்க. 'ஒண்ணு நிக்கும், ரெண்டு நிக்கல'ன்னா அது பாட்டா, பஸ் டைம்டேபிளா?" என்றார். கொஞ்சம் சிரிப்பு வந்தது; நல்ல கேள்விதான். "கடலுக்குள்ள எறங்கி யாரு எண்ணப் போறாங்க?" என்றார். சிரிப்பு போய்விட்டது. "அந்தக் கை தூக்கற விளையாட்டெல்லாம் சின்ன ரூம்ல சரி. பெரிய மேடையில பாடகிய எவனோ ஒருத்தன் நிறுத்தினா அசிங்கம். உங்க அண்ணனே போட்டாச்சு. அப்போ சம்மதம்தானே?"

அப்போதுதான் அந்தக் காரியத்தைச் செய்தேன். கையைத் தூக்கினேன்.

வகுப்பில் தூக்குவதுபோல, நேராக, காதை ஒட்டி. அதிகாரிக்குப் புரியவில்லை. "என்னம்மா, பாத்ரூம் போகணுமா?" என்று அக்கறையாகக் கேட்டார். காகிதம் சுமந்த பெண் தாங்க முடியாமல், "சார், அது அவங்க ரூல் சார்! கை தூக்கினா பாட்ட நிறுத்தணும் சார்!" என்று உளறிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள். சைக்கிள் கடை மாடிக்கு வந்திருக்கிறாள், கள்ளி! ஒலிப்பதிவாளர் என்னைப் பார்த்தார், அதிகாரியைப் பார்த்தார். பிறகு பொத்தானை அழுத்தினார். சிவப்பு விளக்கு அணைந்தது.

"நாளைக்கே வேற ஆள வெச்சு ஆக்டோபஸ் பாட்டு போட முடியும், தெரியுமா?" என்றார் அதிகாரி. தெரியும். போடட்டும். ஆக்டோபஸ் நமக்கென்ன பட்டா போட்ட சொத்தா? காதுப்பொறியைக் கழற்றி வைத்தேன். ஒப்பந்தத்தைப் பைக்குள் திருப்பி வைத்தேன். போகிற போக்கில் அந்தப் பெண்ணின் கண்ணாடியை வாங்கி, காதுக்கம்பியை வளைத்து, நேராக்கிக் கொடுத்தேன்.

நேரே அம்மாவின் வேலையிடத்துக்குப் போனேன். பேருந்து நிலையத்தின் தவறவிட்ட பொருள்கள் அறை அப்படியேதான் இருக்கிறது: தொங்கும் குடைகள், ஒற்றைச் செருப்புகள், யாருடையதோ ஒரு பல் செட். "பல்ல விட்டுட்டுப் போனவன் இன்னிக்கு எப்படித்தான் சாப்பிட்டானோ" என்று அம்மா கவலைப்பட்டுக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும், "போட்டியா?" என்றாள். இல்லை என்றேன். குடை ஒன்றுக்குச் சீட்டுக் கட்டினாள். "அப்போ அவன் வரமாட்டான்" என்றாள். ஆமாம் என்றேன்.

திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவளோ, "எல்லாந்தான் தொலையுது, எல்லாந்தான் வந்து சேருது. உங்கண்ணன் மட்டும் எந்த பஸ்ஸுல விட்டேன்னே தெரியல" என்றாள். சிரிக்கத்தான் சொன்னாள். நான் சிரித்தேன். அப்புறம், "வரணும்னு எனக்கு மட்டும் ஆசை இல்லியா? ஆனா ஒருத்தர் குடையத் தூக்கி இன்னொருத்தர் கையில குடுத்துட்டா, மறுநாள் ரெண்டு பேரு வந்து சண்டைக்கு நிப்பாங்க. எனக்கு அந்த வம்பு வேணாம்" என்று சொல்லிவிட்டு அடுத்த குடையை எடுத்தாள். அது எனக்குச் சாதகமாகச் சொன்னதா, உனக்குச் சாதகமாகச் சொன்னதா என்று வீடு வரும்வரை யோசித்தேன். கேட்கத் துணிச்சல் வரவில்லை.

அண்ணா, சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன். நீ கப்பலில் இருக்கப்போவது இனி என்னால். எந்திர அறையின் சூட்டில் நீ நிற்கும் ஒவ்வொரு பொழுதுக்கும் என்னைத் திட்டலாம், உரிமை உண்டு. ஆனாலும் கையெழுத்துப் போட மாட்டேன். நாளை கேட்டாலும் மாட்டேன். நாம் பெரிய இசை மேதைகள் அல்ல. எனக்குக் குரல் கிடையாது. உனக்கு முறையான பயிற்சி கிடையாது. தப்பென்றால் நிறுத்துவோம் என்று முன்பின் தெரியாதவர்களுக்கு ஒரு வாக்குக் கொடுத்தோமே, நம்மிடம் இருப்பது அது ஒன்றுதான். அதையும் விற்றுவிட்டால் நாம் கண்ணாடி போட்டுக்கொண்டு சத்தம் போடும் இரண்டு பேர், அவ்வளவுதான். தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கையைத் தூக்கினாரே, அவர் முகத்தில் நான் எப்படி முழிப்பேன்?

இன்னொன்றும் உண்டு. உண்மை அழகில்லை என்று நீயும் அந்த அதிகாரியும் நினைக்கிறீர்கள். நான் அப்படி நினைக்கவில்லை. நீந்தினால் பெரிய இதயம் நின்றுவிடும் என்பதால்தான் அது பெரும்பாலும் தரையில் தவழ்ந்தே போகிறதாம். ஆனால் ஆபத்தென்று வந்தால் நீந்துகிறது. பெரியது நின்றாலும் மற்ற இரண்டும் அவை பாட்டுக்கு ஓடுகின்றன, பெரியது திரும்பத் துடிக்கும்வரை. மூன்றும் நின்றால் அது சாவு, அண்ணா. ஒன்று நின்றும் போய்க்கொண்டே இருப்பதைத்தான் நான் பாட ஆசைப்படுகிறேன். அதற்குத் தாளம் போட எனக்குத் தெரியாது.

மழைக்காலத்தில் சைக்கிள் கடை மாடியில் மறுபடி பாடுகிறேன். அந்தப் பாட்டைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடும்படி சிலர் சொன்னார்கள். எடுக்கமாட்டேன். முரசு இல்லாவிட்டால் விரலைச் சொடுக்கிக்கொண்டு பாடுவேன். என் சொடுக்கு எப்படியிருக்கும் என்று உனக்குத் தெரியும், கேட்பவர்கள் பாவம்.

அம்மா உன் அறையைப் பெருக்கி வைத்திருக்கிறாள். துணி அலமாரிக்குள் போர்வைகள் இன்னும் தொங்குகின்றன. குளிர் வந்தபோதுகூட நாங்கள் எடுக்கவில்லை. வேளைக்குச் சாப்பிடு. காதை அடைத்துக்கொண்டு வேலை செய், ஆனால் முழுக்க அடைத்துக்கொள்ளாதே. கடல் உன்னிடம் பதமாக நடந்துகொள்ளட்டும்.

கோபம் இருந்தால் கோபத்தையாவது அனுப்பு.

அடம் குறையாத உன் தங்கை,
பூதக்கண்ணாடி (மேடைக்கு நீ வைத்த பெயர்தான்)

*

(அனுப்பிய கடிதத்தின் நகலுக்குக் கீழே, பின்னர் எழுதியது)

கடிதம் அண்ணன் கைக்குப் போய்ச் சேர்ந்தது. பதில் எழுதவில்லை. நிறுவனம் வேறொருவரை வைத்து ஆக்டோபஸ் பாட்டு ஒன்றை வெளியிட்டது. அதில் மூன்றும் நிற்கின்றன. பாட்டு நன்றாக ஓடுகிறது. அம்மாவின் பேருந்து நிலையத்திலும் ஒலிக்கிறது.

மழை தொடங்கிய வாரம், ஏதோ ஒரு துறைமுகத்திலிருந்து ஒலிக்கோப்பு ஒன்று வந்தது. கூட ஒரு சொல்லும் இல்லை. எந்திர அறையில் இரும்பின்மேல் தட்டிப் பதிந்த மூன்று தாளங்கள். பல்லவி வரும் இடத்தில் பெரியது நின்றது. மற்ற இரண்டும் நிற்கவில்லை.

அதை வைத்துத்தான் சைக்கிள் கடை மாடியில் பாடினேன். யாரும் கை தூக்கவில்லை.